பின்பாரம்

ஆகஸ்ட் 9, புதன்

இந்த டைரி ஜனவரியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சிக்காரர் கொடுத்தது. இத்தனை நாளும் அலமாரி மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்று என் பெண்டாட்டி சீலியிடம் சொல்லி எடுத்துவரச் செய்தேன். என் செல்போன் வண்டிக்கு அடியில் போய் அப்பளமாகிவிட்டது. பேச ஆளில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடப்பவன் வேறு என்ன செய்வான்? பக்கத்துக் கட்டில்காரர் நாள் முழுக்கத் தன் மருமகனைத் திட்டுகிறார். நான் எழுதித் திட்டிக்கொள்கிறேன்.

என் பெயர் ஞானதுரை. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு சரக்குக் குடோனில் பன்னிரண்டு வருஷமாக லோடிங் வேலை. குடோனில் ஒருவரும் என்னை ஞானதுரை என்று கூப்பிட்டதில்லை. பின்பாரம் என்பார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

விஷயம் இதுதான். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மூன்று டன் தூக்கும். வருகிற கிரானைட் பெட்டிகளோ நாலு டன், நாலரை டன். அதற்குக் கிரேன் பிடிக்க வேண்டும். கிரேன் வர நேரமாகும், கப்பல் நமக்காகக் காத்திருக்காது என்பார் சூப்பர்வைசர் விநாயகமூர்த்தி. அதனால் ஃபோர்க்லிஃப்டிலேயே தூக்குவோம். தூக்கினால் முன்பக்கத்துக் கனம் இழுத்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பாமல் இருக்கக் கனத்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் வண்டிக்குப் பின்னால் ஏறி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் நூற்றெட்டு கிலோ. தூக்குகிற நேரம் வந்ததும் வண்டி ஓட்டும் இசக்கிமுத்து, "அண்ணாச்சி, ஏறும்!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். நான் ஏறுவேன். வண்டி அடங்கும்.

இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. புதிதாக ஆள் எடுக்கும்போது, சரக்கு எடை போடும் மேடையில் நிறுத்தி எடை பார்த்துத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் கனத்த ஆள் இருக்கிறானா என்று விநாயகமூர்த்தி சாரே பார்த்துக்கொள்வார். ஒல்லிக்குச்சிப் பையன்கள் வேலை கேட்டு வந்தால், "சாப்பிட்டுட்டு வாங்கடா" என்று அனுப்பிவிடுவார்.

போன வியாழக்கிழமை பெட்டியின் அடிப்பலகை உடைந்தது. பெட்டி முன்பக்கமாக வழுக்கி விழுந்ததும், எங்கள் கனத்தையும் மீறிக் கொஞ்சம் எழும்பி நின்ற வண்டியின் பின்பக்கம் தடாலென்று கீழே இறங்கியது. என்னோடு நின்ற பெரியநாயகம் ஒரு பக்கம் விழுந்தான், நான் இன்னொரு பக்கம் விழுந்தேன். அவன் விழுந்த பக்கம் சாக்குக் கட்டு இருந்தது. நான் விழுந்த பக்கம் சக்கரம் இருந்தது. வலது கால்.

கால் நன்றாகத்தான் இருக்கிறது. கட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பெரிய டாக்டர் வந்தார். கால் தேற வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டுமாம். இருபது கிலோ இறக்கினால் நல்லது என்றார். இந்த எடைக்காகத்தான் எனக்கு வேலையே கொடுத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சீலி கொண்டுவந்த சாளை மீன் குழம்பில் பாதியை வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னதற்காக இல்லை. பசிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

கட்டு மாற்றினார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சீலி காலைப் பார்த்தாள். பிறகு அவளும் ஜன்னலைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

விநாயகமூர்த்தி சார் வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். வந்ததும், "எப்படி இருக்கீங்க ஞானதுரை?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதர் வாயில் என் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. அப்போதே ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

இருந்தது. சட்டைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். பிரித்து என் மடியில் வைத்துப் பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் இல்லை, பத்தாவது பாஸ். வேலை நேரத்தில் விளையாட்டாக வண்டியில் ஏறிச் சவாரி செய்தபோது தவறி விழுந்தேன் என்று எழுதியிருந்தது.

"வெளாட்டாவா சார்?" என்று கேட்டேன்.

"அது ஒரு வார்த்தைதான். சும்மா ஃபார்மாலிட்டி."

"ஒரு வார்த்தைதான்னா எடுத்துருங்க."

"அது இருந்தாத்தான் வெளிய யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கம்பெனி உங்களைக் கைவிடாது. ஆஸ்பத்திரிச் செலவு எல்லாத்தையும் பாத்துக்கிடும். கேட்ல உக்காந்து பாக்கிற வேலை போட்டுத் தாரேன். இந்தக் காலை வச்சிக்கிட்டு வேற எங்க போவீங்க?"

"எனக்கு வயசு அம்பதாவப் போவுது சார். ஃபோர்க்லிஃப்ட்ல ஏறி ரங்கராட்டினம் சுத்துனேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதிய. என் மக வீட்டுக்காரன் கேட்டா என்ன நெனப்பான்?"

"யாரு காதுக்கும் போகாது."

"என் காதுக்கு வந்துட்டுல்லா?"

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன். யோசியுங்கள் என்றார். யோசித்தாயிற்று என்றேன். அவர் முகம் மாறியது. "ரூல்படி பாத்தா தப்பு ஒம்மேலதான், பின்பாரம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பழைய பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் படியிறங்கும்போது சீலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பின்னாலேயே ஓடினாள். "இத மறந்து வச்சிட்டுப் போறிய சார்" என்று கையில் திணித்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி எனக்கு முதுகு துடைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இசக்கி வந்தான். விபத்து நடந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கி வந்திருந்தான். எனக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

வண்டிக்குப் புது ஆயில் மாற்றியதைச் சொன்னான். ரோச் பூங்கா பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருப்பதைச் சொன்னான். சின்ன மகள் ஸ்கூல் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கியதைச் சொன்னான். குடோனில் புதிதாக ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள், வண்டியில் ஆள் ஏறக் கூடாது என்று, அதையும் சொன்னான். போர்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது. அரை மணி நேரமும் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே ஒரு மக்ரூனை விரலால் நசுக்கி மாவாக்கிவிட்டான்.

அவனுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. அவன் அம்மா செத்தபோதும் வாசலிலேயேதான் நின்றான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டதாம், நாளை எடுக்கிறார்கள். பெருவிரல் அதில் ஒன்று. மீதி மூன்று எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மூன்று நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? இன்று கோபம் வந்ததால் எழுதுகிறேன்.

பெருவிரல் இல்லாமல் எழுந்து நின்றால் உடம்பு முன்னால் சரிகிறது. நூறு கிலோவுக்கு மேல் உள்ள உடம்பை இத்தனை வருஷமும் அந்த ஒரு விரல்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது போல. நர்ஸம்மா கக்கத்தில் கை கொடுத்து, "பயப்படாதீங்க ஐயா" என்றாள். நான் பயப்படவில்லை. ஆடுகிற வண்டியில், கால் வைக்க அரையடி இடத்தில், மழையிலும் நின்றிருக்கிறேன். அது விளையாட்டு என்றால் விநாயகமூர்த்தி ஒரு நாள் வந்து விளையாடிப் பார்க்கட்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தேன். வேலையில்தான் என் கால் போனது. இதைச் சொல்ல எந்த ராஜாவிடமும் நான் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் சீலி என் சைக்கிளையும் டிபன் கேரியரையும் எடுத்துவரக் குடோனுக்குப் போனாள். வாட்ச்மேன் அவளை உள்ளே விடாமல் வெயிலில் நிறுத்தி வைத்தானாம். கம்பி கேட் வழியாக அந்தப் போர்டைப் பார்த்திருக்கிறாள். சிவப்புப் பெயிண்ட் இன்னும் பளபளவென்று இருக்கிறது என்றாள். பன்னிரண்டு வருஷமாக இல்லாத போர்டு என் விரல் போன பிறகு முளைத்திருக்கிறது.

சாப்பிடும்போது மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். பெரியநாயகத்தின் பெண்டாட்டியை மார்க்கெட்டில் பார்த்தாளாம். "நீங்க வெளாட்டா ஏறுனியன்னும், அவரு எறங்கச் சொல்லியும் கேக்கலன்னும் இசக்கி எழுதிக் குடுத்துட்டாராம்."

"எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல, அவ சொன்னா."

"பொம்பளைக பேச்சு" என்றேன்.

அது தப்புதான். சீலி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து, "பத்து நாளா ஒரு எட்டு வரல. வந்த அன்னைக்கும் ஒங்க மூஞ்சியப் பாத்தாரா?" என்று கேட்டாள்.

இசக்கி இப்போது டபுள் ஷிப்ட் பார்க்கிறான். வர நேரம் இருக்காது. நானும் அவனும் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள். அவன் எழுதியிருக்க மாட்டான்.

செப்டம்பர் 1, வெள்ளி

குடோனிலிருந்து ஆள் வந்து என் அடையாள அட்டையைக் கேட்டான். வேலை போய்விட்டது என்று வாயால் சொல்லவில்லை. ஒழுங்கு மீறியதற்கு விசாரணை முடியும் வரை உள்ளே வரக் கூடாதாம். கையெழுத்துப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று, தானே வருத்தப்படுகிற மாதிரி சொன்னான். அட்டையைக் கொடுக்க மாட்டேன் என்றேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். வேண்டுமானால் கழற்றிப் பார் என்றேன். அவன் போய்விட்டான்.

மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் சீலி வெளியே போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது. லேபர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டா இசக்கிக்கு எதுவும் ஆயிருமோன்னு யோசிப்பிய. நான் யோசிக்கல. என்னால ஒங்களத் தூக்கி நிறுத்த முடியல, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. அதுக்கு யாராச்சும் பதில் சொல்லணும்லா?"

இருபத்தாறு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். இவள் ஒரு அரசாங்க ஆபீஸ் படி ஏறி இறங்கியதே கிடையாது, ரேஷன் கார்டுக்குக்கூட என்னைத்தான் அனுப்புவாள். அவளிடம், "மனுவுல எழுத்துப் பிழை இருந்திருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பெரியநாயகம் வேறு யார் போனிலிருந்தோ சீலியின் போனுக்குக் கூப்பிட்டான். தூக்குவது எப்போதும் போல நடக்கிறதாம். என் இடத்துக்கு ஒத்தை ஆள் கிடைக்காமல், அவனோடு இரண்டு ஒல்லிப் பயல்களைச் சேர்த்து ஏற்றுகிறார்களாம். "ரெண்டு பேரு சேந்தாலும் ஒம்ம கனம் வரலவே" என்றான். போர்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது தொங்கிட்டுத்தான் கெடக்கு. நாங்க அதுக்கு நேர் கீழதான் ஏறுதோம்" என்றான்.

அவனும் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். தூரத்தில் நின்றதால் ஒன்றும் தெரியாது என்று. நான் திட்டவில்லை. இசக்கியைப் பற்றி அவன் சொல்ல வரவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

வியாழக்கிழமை குடோனிலேயே விசாரணை. லேபர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியம்மா வருகிறார்கள். எனக்கும் தகவல் வந்தது.

ஊன்றுகட்டையோடு அடுப்படி வரை போய்த் திரும்பினேன். விழவில்லை. சீலி கேட்டால், நேற்றும் விழவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஆட்டோவில் போனோம். சலவை வேட்டி, கழுத்தில் அடையாள அட்டை. சட்டை தொளதொளவென்று இருந்தது. சீலி பின்பக்கம் ஊக்குக் குத்திச் சரிசெய்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்க யோசித்தான். "தொறடா, மேடம் கூப்பிட்டுருக்காவ" என்று சீலி போட்ட சத்தத்தில் தானாகத் திறந்தது.

குடோன் மூலையில் கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது, அதுதான் சூப்பர்வைசர் ஆபீஸ். அதிகாரியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வெளியே வண்டி நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இசக்கி சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்ததும் குனிந்து எதையோ துடைக்க ஆரம்பித்தான்.

மேடம் என்னிடம் நடந்ததைக் கேட்டார்கள். சொன்னேன். யார் ஏறச் சொன்னது, எத்தனை வருஷமாக, எந்த இடத்தில் கால் வைப்பது, எல்லாம் சொன்னேன். விநாயகமூர்த்தி சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், எங்க குடோன்ல வண்டியில ஆள் ஏத்துற வழக்கமே கிடையாது. போர்டைப் பாத்திருப்பீங்க. மூணு டன்னுக்கு மேல இருந்தா கிரேன்தான். இவரு உடம்பு பெருத்தவரு, நடக்கச் சோம்பல்பட்டு அப்பப்போ வண்டியில தொத்திக்குவாரு. டிரைவரே எழுதிக் குடுத்திருக்காரு" என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஞானதுரை விளையாட்டாக ஏறினார். இறங்கச் சொன்னேன். கேட்கவில்லை. இப்படிக்கு, இசக்கிமுத்து.

தாளை என்னிடம் காட்டினார்கள். கையெழுத்து அவனுடையதுதான். மு போட்டு ஒரு சுழி சுழிப்பான், எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது கால் வலித்தது. அதனால்தான் கண்ணைத் துடைத்தேன்.

"வேற சாட்சி இருக்காங்களா?" என்று மேடம் கேட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சீலி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போய்விடுவோம், ஆனால் விளையாடினேன் என்று மட்டும் என் வாயால் வராது, அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் விநாயகமூர்த்தி சாரின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு டிரெய்லர் வந்து நின்றுவிட்டது. சரக்குக்கார பார்ட்டி போனில் கத்துவது எங்களுக்கே கேட்டது. பெட்டி மத்தியானத்துக்குள் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடுமாம். சார் இரண்டு தடவை கட் பண்ணினார். மூன்றாவது தடவை எடுத்து, "இதோ சார், இதோ சார்" என்று குழைந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

இசக்கி நின்றான். கையில் எண்ணெய்த் துணி.

"சார், நாலரை டன் பெட்டி. டிரெய்லர்காரன் கெடந்து சத்தம் போடுதான். வண்டியில பின்னால ஆள் பத்தல. யாரை ஏத்தட்டும்?"

சார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, "நாயகத்த ஏத்து, கூட ரெண்டு பேரப் போட்டுக்கோ! தெனமும் செய்யுற வேலைக்குமா எங்கிட்ட வந்து நிப்ப?" என்று சீறினார். பிறகு போனில், "அஞ்சே நிமிஷம் சார், தூக்கியாச்சு" என்றார்.

"சரி சார்" என்று இசக்கி கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

மேடம் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். போனை வைத்த பிறகுதான் சார் அறையில் இருந்த அமைதியைக் கவனித்தார். அந்த முகத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"யாரை எங்க ஏத்தச் சொன்னீங்க?" என்று மேடம் கேட்டார்கள்.

"அது... லாரியில மேடம். சரக்கு ஏத்துறதுக்கு ஆளு..."

மேடம் எழுந்து வெளியே நடந்தார்கள். நானும் கட்டையை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வண்டி பெட்டிக்கு முன்னால் நின்றது. பின்னால் பெரியநாயகமும் இரண்டு ஒல்லிப் பையன்களும் மேல்கம்பியைப் பிடித்தபடி கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்கள். தலைக்கு மேல் சிவப்பு போர்டு. இசக்கி பெட்டியைத் தூக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எறங்குங்கடா! யாருடா ஒங்களை ஏறச் சொன்னது?" என்று சார் கத்தினார்.

"நீங்கதான சார் இப்ப ஏறச் சொன்னிய" என்றான் பெரியநாயகம்.

"எறங்குல!"

அவன் இறங்கவில்லை. அந்த இரண்டு பையன்களும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கம்பியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், சாய்வுப் பலகை போடுகிறவர்கள், டீ கொண்டுவந்த அக்கா, எல்லோரும் கூடிவிட்டார்கள். மேடம் செல்போனில் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்கள். போர்டும் சேர்ந்து வரும்படி கொஞ்சம் பின்னால் நகர்ந்து ஒன்று எடுத்தார்கள். அதன்பிறகு, "நீங்க இறங்கிடுங்க. இனிமே யார் சொன்னாலும் ஏறாதீங்க" என்றார்கள். அப்போதுதான் மூன்று பேரும் இறங்கினார்கள்.

இசக்கி இன்ஜினை அணைத்தான். வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்ன மேடத்தின் கையில் சாவியைக் கொடுத்தான். என் பக்கமாகத்தான் நடந்து போனான், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருந்தால் அடித்திருப்பேனா கட்டிப் பிடித்திருப்பேனா தெரியாது.

ஆட்டோவில் வரும்போது சீலி, "சும்மாவா வந்து கேட்டாரு?" என்றாள். ஆள் பற்றாமல் கேட்டிருப்பான் என்றேன்.

படுத்த பிறகும் அதையே யோசிக்கிறேன். இத்தனை வருஷத்தில் யாரை ஏற்றுவது என்று இசக்கி எவரிடமும் போய்க் கேட்டதில்லை. அவனே சத்தம் கொடுப்பான், நாங்கள் ஏறுவோம்.

செப்டம்பர் 15, வெள்ளி

காலையில் பைக் சத்தம். இசக்கி. சீலி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போணும். மேடம் ஆபீசுக்கு."

"எழுதிக் குடுத்தியளாமே?"

"ஆமா மைனி."

சாக்குப்போக்குச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகள் படிப்பு, லோன், மிரட்டினார்கள், எதையாவது சொல்வான் என்று நினைத்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "நேத்து வெவரம் தெரியாம ஆபீஸ் வாசல்ல வந்து யாரை ஏத்தன்னு கேட்டுட்டேன்னு இன்னைக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தா, வேலையில வச்சிக்கிடுதாவளாம்" என்றான்.

"நீரு என்ன சொன்னீரு?" என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். கோபம் வந்தால்தான் அவனை நீர் என்பேன்.

"எழுதுன வரைக்கும் போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி."

சீலி வழிவிட்டாள். "மொதல்ல சாப்பிடட்டும்" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். இட்லி வைத்தாள். அவன் நாலு தின்றான். நான் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஆறு தின்றேன்.

என்னைப் பைக்கில் ஏற்றுவது பெரிய பாடாகிவிட்டது. கட்டையை அவன் முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டான். வழியில் நாங்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான். "வலிக்கா?" என்றான். "வலிக்கத்தான் செய்யும்" என்றேன்.

ஆபீசில் மேடம் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்கள். இசக்கி நின்றுகொண்டே பேசினான். பழைய தாளில் எழுதியது பொய் என்றான். அன்றைக்கு "அண்ணாச்சி, ஏறும்" என்று கூப்பிட்டது நான்தான் என்றான். தினமும் கூப்பிடுவேன், அவர் ஒரு நாளும் தானாக ஏறியதில்லை என்றான்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். "இசக்கிமுத்து, ஆளை ஏத்திக்கிட்டு வண்டியை ஓட்டினது நீங்க. இதை நான் எழுதினா உங்க லைசென்ஸ் போகலாம். உங்க மேலயும் கேஸ் வரலாம். வீட்ல பேசிட்டு திங்கட்கிழமை வாங்களேன்."

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும்ல, வா போவோம்" என்றேன். அவன் என் கையை எடுத்துவிட்டான்.

"பேசிட்டுத்தான் மேடம் வந்திருக்கேன். இவரக் கூப்பிட்டது நான். என்னையக் கூப்பிடச் சொன்னது சூப்பர்வைசரு. ரெண்டையும் எழுதுங்க."

நான் கட்டையை ஊன்றி எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன். உடம்பு முன்னால் சரிந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். உட்காருங்கள் என்று மேடம் இன்னொரு தடவை சொன்னார்கள். அவர்கள் எழுதி முடிக்கிற வரை நாங்கள் உட்காரவில்லை.